அப்பா எடுத்த மூன்றாம் வகுப்பு டிக்கெட்

என் அப்பா அம்பிலிகிலேயை யாராவது என் முன்னால் புகழ்ந்தால் நான் எழுந்து போய்விடுவேன். "எவ்வளவு எளிமையான மனுஷன்!" என்பார்கள் சர்ச் வாசலில். எளிமையாம். கூட இருந்து பார்த்தால் தெரியும். கடையில் மூன்று விதச் சோப்பு இருந்தால், எலி கரண்டியது என்று கடைக்காரன் ஒதுக்கிவைத்த நாலாவதைக் கேட்டு வாங்கி வருகிறவர் அவர். வீட்டில் நல்ல நாற்காலி நாலு இருக்க, கால் ஆடுகிற முக்காலியில்தான் உட்காருவார். ஏன் என்று கேட்டால் ஒரு காரணம் சொல்வார். மறுநாள் கேட்டால் வேறு காரணம்.

துக்குயு மலையில் தேயிலை வாங்குகிற கொட்டகையில் முப்பத்தொரு வருஷம் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர். கொழுந்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்களா என்று ஒரு கைப்பிடி எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தக் காலத்தில் அவரோடு வாதாடி ஜெயித்தவர்கள் இல்லை. இப்போது எழுபத்து மூன்று வயது, இப்போதும் இல்லை. அம்மா போய் ஆறு வருஷமாகிறது. புருஷனை விட்டுவிட்டு வந்த நான் தெருமுனையில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, இவருக்குச் சோறு போட்டு, துணி துவைத்து, இவர் சொல்லும் காரணங்களைக் கேட்டு மண்டை காய்ந்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் வளவிலேயே பின்பக்க வீட்டில் என் தம்பி இப்யானாவின் மனைவி சுபிலாகா இருக்கிறாள். தம்பிக்குத் தார் எஸ் சலாம் துறைமுகத்தில் வேலை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அப்பாவும் சுபிலாகாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. எங்கள் ஜனங்களில் மருமகள் மாமனார் கண்ணில் படமாட்டாள், அவர் இருக்கும் கூரைக்குக் கீழே வரமாட்டாள், அவர் பெயரை வாயால் சொல்லமாட்டாள். அதற்காக அப்பா எங்கே போனாலும் சத்தம் போட்டுத்தான் போவார். கதவைப் படாரென்று திறப்பார், காலைத் தேய்த்து நடப்பார், தொண்டையைச் செருமுவார். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் வாழைத்தோப்பு வழியாகச் சுற்றிப் போய்விடுவாள். இருவருக்கும் நடுவில் செய்தி சுமக்கிற கழுதை, தும்பே என்கிற நான். "உப்பு தீர்ந்துபோச்சாம்", "ஆட்டைக் கட்டச் சொல்லு" என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தே என் செருப்புத் தேய்ந்தது.

சுபிலாகாவுக்கு இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இது மூன்றாவது. ஏழாம் மாதம் தொடங்கும்போது பக்கத்து நகரமான ம்பெயாவில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: தம்பி இருக்கும் தாருக்குப் போய் பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், போகும் வழியெல்லாம் படுத்தே போக வேண்டும், உட்கார்ந்து போனால் இதுவும் தங்காது. பஸ்ஸில் படுக்க முடியுமா? விமானத்துக்கு எங்களிடம் வழியில்லை. ஆக ரயில். அவளுக்கும் எனக்கும் முதல் வகுப்பில் இரண்டு படுக்கை எடுப்பது என்று முடிவாயிற்று. அதோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாகப் போயிருப்பேன். இப்யானா போனில், "அப்பாவும் கூட வரட்டும்க்கா. அவர் ரயில்ல இருந்தாத்தான் தைரியமா இருக்கும்னு சுபிலாகா சொல்றா" என்றான். அப்பா உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், டிக்கெட் எடுக்க.

ரயிலுக்கு மூன்று நாள் முன்னதாக அப்பாவும் நானும் ம்பெயா ஸ்டேஷன் ஜன்னலில் நின்றோம். அந்த ரயிலில் படுக்கைப் பெட்டி ஒன்றே ஒன்று. பாதி முதல் வகுப்பு, அறைக்கு நாலு பேர். மீதி இரண்டாம் வகுப்பு, அறைக்கு ஆறு பேர். ஆண்களுக்குத் தனி அறை, பெண்களுக்குத் தனி அறை. அதற்கப்புறம் சாப்பாட்டுப் பெட்டி. அதற்கும் பின்னால் பெஞ்சு போட்ட மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் நாலு. அப்பா டிக்கெட் கொடுக்கும் பையனைப் படம் வரையச் சொன்னார். பின்னால் வரிசை வாசல்வரை நிற்கிறது, அவன் பாவம் ஒரு தாளின் பின்பக்கத்தில் பெட்டியை வரைந்து காட்டினான்.

"இது என்ன, நீளமா ஒரு கோடு?"

"நடை தாத்தா. இதுல நடந்துதான் எல்லா அறைக்கும் போகணும். பாத்ரூம் ரெண்டு கோடியிலயும் இருக்கு."

"முதல் வகுப்புக்காரங்களுக்கும் இதே நடைதானா?"

"ஒரே நடைதான்."

"அப்ப எனக்கு மூணாம் வகுப்பு ஒண்ணு குடு. கடைசிப் பெட்டியில."

எனக்கு அங்கேயே ரத்தம் கொதித்தது. "ஏம்ப்பா, ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடி ஒரு பகல். மரப் பெஞ்சுலயா? முழங்காலு வேற வீங்கிக் கிடக்கு!"

"எனக்கு உக்காந்தாத்தான் தூக்கம் வரும்" என்றார்.

ஊர் திரும்பும்போது மினிபஸ்ஸில் கேட்டேன். ஜன்னல் காற்று வேண்டுமாம். மறுநாள் காலையில் கஞ்சி ஊற்றிக்கொண்டே கேட்டேன். படுக்கைப் பெட்டியில்தான் திருடன் வருவானாம். சாயங்காலம் கேட்டபோது, மூன்றாம் வகுப்பில் பேச ஆள் கிடைக்கும் என்றார். இந்த மனிதர் தெருவில் யாரோடும் நாலு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

"அப்பா, நான் சொல்றதக் கேளுங்க. ரெண்டாம் வகுப்புல ஏறி அறைக்குள்ள படுத்துக் கதவைச் சாத்திக்கங்க. அவளும் தன் அறைக்குள்ள இருப்பா. வெளிய வராம இருந்தா யாரு யாரைப் பாக்கப் போறா?"

அவர் முக்காலியில் ஆடிக்கொண்டே வாழைத்தோப்பைப் பார்த்தார். "கதவைச் சாத்திக்கிட்டு என்னால கிடக்க முடியாது."

"ஏன் முடியாது?"

"முடியாதுன்னா முடியாது."

கஞ்சத்தனம், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

கிளம்புகிற நாளன்று மலையிலிருந்து ம்பெயாவுக்கு இரண்டு மினிபஸ். முதலாவதில் அப்பா, அடுத்ததில் நாங்கள். ஸ்டேஷனில் அவர் ஒரு கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இவள் மறு கோடியில் தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து. நடுவில் மூட்டைகளோடு நான். பகல் இரண்டு மணிக்கு ரயில் வந்தது. அவர் பின்னால் ஏறுகிறவரை இவள் எழுந்திருக்க மாட்டாள், இவள் ஏறுகிறவரை அவர் தொட்டியை விட்டு நகர மாட்டார், அப்படியே விட்டிருந்தால் ரயில் போயே போயிருக்கும். நான்தான் இவளைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டு, ஓடிப்போய் அவரை விரட்டிவிட்டு, மறுபடி ஓடிவந்து ஏறினேன்.

எங்கள் அறையில் மேல் பெர்த் இரண்டும் காலி. கீழ் பெர்த்தில் விரிப்பு விரித்து, காலுக்குத் தலையணை வைத்து, "படு" என்றேன். சுபிலாகா படுக்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டாள்.

"அக்கா, அவங்க எங்க?"

"ரயில்லதான்."

"ரயில்ல எங்க?"

"பின்னாடி."

"பின்னாடின்னா, ரெண்டாம் வகுப்பா?"

பொய் சொல்ல எனக்கு ஒரு விநாடி தேவைப்பட்டது. அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. "பெஞ்சுலயா?" என்றாள்.

"அது அவரோட பிடிவாதம். நான் என்ன பண்ணட்டும்? நீ படு."

"அவங்க உக்காந்திருக்கப்ப நான் எப்படிப் படுக்கிறது?"

"வாயால சாப்பிட்டு வயித்தால ஜீரணிக்கிற மாதிரிதான். காலைத் தூக்கி மேல போடு, தலையைத் தலையணையில வை. இதுல என்ன கஷ்டம்?"

"படுக்க மாட்டேன்க்கா. அவங்களைப் படுக்கச் சொல்லுங்க. அப்புறம் படுக்கிறேன்."

அவள் குரல் உயரவே இல்லை. எனக்குத்தான் உயர்ந்தது. டாக்டரம்மா சொன்னது, போன இரண்டு குழந்தைகள், தம்பி அழுதது எல்லாவற்றையும் எடுத்து அவள் முகத்தில் வீசினேன். கண் நிறைய நீரோடு உட்கார்ந்தே இருந்தாள். அந்தச் சத்தத்தில், படுக்கைப் பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் ரயில் பணிப்பெண் ருகியா கதவைத் திறந்தாள். டாங்கா பக்கத்துக் கடற்கரைக்காரி, வாட்டசாட்டமான பெண், கையில் துடைப்பம்.

"யாரை அடிக்கிறீங்க?" என்றாள்.

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உங்க மலையில மாமனார்னா சிங்கமா? எங்க ஊர்ல மருமகதான் மாமனாருக்கு மீன் பொரிச்சுப் போடுவா. இதுவரைக்கும் யாரும் சாகல."

"உங்க ஊர்ல தேங்காய் விழறவரைக்கும் மரத்தடியில படுத்திருப்பீங்க. உங்களுக்கு மரியாதை ஒரு கேடா?" என்றேன். அவள் இன்னும் சிரித்தாள். எங்கள் ஜனங்களுக்கும் அவள் ஜனங்களுக்கும் இப்படிக் கேலி பேசிக்கொள்ள வழிவழியாக உரிமை உண்டு, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அப்பாவைத் தேடிப் போனேன். சாப்பாட்டுப் பெட்டியைத் தாண்டி, நாலு பெஞ்சுப் பெட்டிகள். அரிசி மூட்டை, கோழிக்கூடை, நீட்டிய கால்கள், தூங்குகிற பிள்ளைகள். கடைசிப் பெட்டியில் அவருடைய பை மட்டும் பெஞ்சில் இருந்தது, அவர் இல்லை. பக்கத்திலிருந்த பெண், "தாத்தா இப்பத்தான் அந்தப் பக்கம் போனாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"போனை ஏன் அணைச்சு வச்சிருக்கீங்க?"

"பேட்டரி தீர்ந்துடும்."

"உங்களால அவ படுக்க மாட்டேங்கிறா. வாங்க, இரண்டாம் வகுப்புல இடம் கேட்டு வாங்கித் தரேன்."

"நான் படுத்துட்டேன்னு சொல்லிடு."

"எங்க படுத்தீங்க? கோழிக்கூடை மேலயா?"

"சொல்லேன். உனக்குப் பொய் சொல்லத் தெரியாதா?"

தெரியும். வந்து சொன்னேன். அப்பா இரண்டு பெஞ்சில் காலை நீட்டிப் படுத்துவிட்டார், குறட்டைகூட விடுகிறார் என்றேன். சுபிலாகா கேட்டுக்கொண்டாள். "கடைசிப் பெட்டியில நிக்கவே இடம் இல்லைன்னு ருகியா சொன்னாங்களே" என்றாள். காலைத் தொங்கப்போட்டபடியே இருந்தாள்.

சிமாலா ஸ்டேஷனைத் தாண்டியபோது அவள் கணுக்கால் தெரியவில்லை. கால் உருண்டு வீங்கியிருந்தது. ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, இறுகி விடுது" என்றாள். கால் மணி நேரத்தில் மறுபடி இறுகியது.  முதல் இரண்டு முறையும் இப்படித்தான் தொடங்கியது. ருகியா இப்போது சிரிக்கவில்லை. "இரண்டாம் வகுப்புல ஆம்பளைங்க அறையில கீழ் பெர்த் ஒண்ணு காலியா இருக்கு. மாத்தி எழுதித் தரச் சொல்றேன். அந்தக் கிழவரைத் தூக்கிட்டாவது வாங்க" என்றாள்.

மறுபடி ஐந்து பெட்டிகள். மறுபடி பெஞ்சில் பை மட்டும். இந்த முறை போய்த் தேடினேன். பெட்டிக் கோடியில் பாத்ரூம் வரிசையில், எட்டுப் பத்துப் பேருக்குப் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகமெல்லாம் வியர்வை. முன்னால் நின்ற ஒருவன் திரும்பி, "தாத்தா, இப்பத்தானே போனீங்க? எங்களுக்கும் வழி விடுங்க" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். "ஸ்டேஷன்ல சுட்ட சோளம் வேண்டாம்னு சொன்னேனா இல்லையா? தெருப்புழுதியில வித்ததைத் தின்னுட்டு இப்ப வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க!"

அப்பா என்னைப் பார்த்தார். "ஆமா" என்றார். "சோளம்தான்."

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்னதை ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவளுக்கு வலி வந்துவிட்டது என்றேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். கீழ் பெர்த் காலியாக இருக்கிறது, வாருங்கள் என்றேன்.

"அந்த நடையில நான் நடமாட முடியாது, தும்பே."

"யாரு உங்களை நடமாடச் சொன்னா? படுங்கன்னுதானே சொல்றேன்!"

 வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். வழக்கம் பெரிசா, குழந்தை பெரிசா என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன்.  இவர் எனக்கு அப்பனே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் சுபிலாகாவிடம் கொட்டினேன். "உன் மாமனாருக்காக உக்காந்திருக்கியே, அவரு என்ன பண்றாரு தெரியுமா? சோளத்தைத் தின்னு வயித்தைக் கெடுத்துக்கிட்டு பாத்ரூம் வரிசையில நிக்கிறாரு. கூப்பிட்டா வர மாட்டேங்கிறாரு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் உசுருதான் போகுது."

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். "சோளம் இல்லக்கா" என்றாள்.

"பின்ன?"

"மழைக்காலத்துலேருந்தே இருக்கு." என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவங்க எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுக்காம நான் எங்க வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. நாலு வருஷமா காதைத் தீட்டிக்கிட்டே இருக்கேன். அவங்க கதவுச் சத்தம், நடை எல்லாம் எனக்குத் தெரியும். முன்னெல்லாம் ராத்திரி ஒரு தடவை எழுந்திரிப்பாங்க. மழைக்காலத்துல நாலு ஆச்சு. இப்ப எட்டு, ஒன்பது. வாழைக்குப் பின்னாடி போய் ரொம்ப நேரம் நிப்பாங்க. முனகுற சத்தம் கேக்கும். போன வாரம் விடியறதுக்கு முன்னாடி ஓடையில அவங்களே கால்சட்டையைத் துவைச்சாங்க. உங்க கண்ணுல படக் கூடாதுன்னு."

நிறுத்தின தையல் மெஷின் மாதிரி நான் நின்றுவிட்டேன்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"மாமனாரைப் பத்தி இந்த மாதிரி ஒரு பேச்சை மருமக வாயால எப்படிக்கா சொல்றது? இப்பச் சொன்னதே தப்பு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தாருக்கு வந்தா பெரிய ஆஸ்பத்திரி இருக்கேன்னுதான், எனக்குப் பயமா இருக்குன்னு உங்க தம்பிகிட்ட சொல்லி வரவழைச்சேன். பெஞ்சுல ஏறுவாங்கன்னு நான் நினைக்கல. நடையில நான் வந்துடுவேனோன்னு பயந்துக்கிட்டு எப்படி ராத்திரி பூரா எழுந்து போவாங்க? அதான் மூணாம் வகுப்பு."

நான் எதிர் பெர்த்தில் உட்கார்ந்துவிட்டேன். தினம் மூன்று வேளை அவர் முகத்தைப் பார்த்துச் சோறு போடுகிறவள் நான். ஆறு மாதமாக ராத்திரிக் கஞ்சிக்கு அப்புறம் தண்ணீரே வேண்டாம் என்று தள்ளிவிடுவார். அதற்கும் ஒரு காரணம் சொல்வார், நானும் அதற்கு ஒரு சண்டை போடுவேன். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அவர் மேலும் குறையவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

"சரி, இப்ப என்ன பண்றது?"

"நடையை அவங்களுக்கு விட்டுடலாம்க்கா" என்றாள் சுபிலாகா. "நான் தார் வரைக்கும் கதவைத் தொறக்கல. தாழ் போட்டுட்டா இது தனி வீடுதானே? ருகியாகிட்ட மூடி போட்ட வாளி ஒண்ணு கேளுங்க."

ருகியா வாளியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "முதல் வகுப்புக்கு டிக்கெட் எடுத்து வாளியில போற ஆளுங்களை நான் இப்பத்தான் பாக்கிறேன்" என்றாள். ஆனால் அவளே ஜன்னல் பலகையை இறக்கிவிட்டு, அந்த அறையில் நோயாளி இருக்கிறாள், யாரும் தட்டக் கூடாது என்று நடையில் போகிறவர்களிடம் சொல்லிவைத்தாள்.

மகம்பாகோவில் ரயில் அரை மணி நேரம் நின்றது. பிளாட்பாரத்தில் உருளைக்கிழங்கும் சுட்ட இறைச்சியும் விற்கிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கடைசிப் பெட்டிக்கு ஓடினேன். அப்பா கீழே இறங்கி, தூணில் சாய்ந்து நின்றிருந்தார். இந்த வெளிச்சத்தில்தான் அவரை ஒழுங்காகப் பார்த்தேன். சட்டைக் காலர் கழுத்தைவிட இரண்டு விரல் பெரிதாக இருந்தது. அந்தக் காலரை அளந்து தைத்தவள் நான்தான்.

"அப்பா, சுபிலாகா கதவைத் தாழ் போட்டுட்டா. தார் வர்ற வரைக்கும் அவளும் வெளிய வரல, நானும் வரல. அந்த நடை முழுக்க உங்களுது. பாத்ரூம் உங்க அறையிலேருந்து மூணே அடி. வரிசை கிடையாது."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அவ தாழ் போட்டுட்டா. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

"தார் வரைக்கும் அந்தப் பொண்ணு உள்ளயே கிடக்குமா?"

"நீங்க படுத்தாத்தான் அவ படுப்பா. நீங்க அந்தப் பெட்டிக்கு வரலன்னா அவ தூங்க மாட்டா. எப்படியோ போங்க, எனக்குக் காலு விட்டுப்போச்சு."

ஏதாவது காரணம் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு என் பின்னால் நடந்தார். நடுவில் ஒருமுறை நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். படுக்கைப் பெட்டியில் ஏறும்போது எப்போதும்போல் காலைத் தேய்த்து, தொண்டையைச் செருமி, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கதவைச் சாத்தினார். உள்ளே சுபிலாகா முதன்முறையாகக் காலை மேலே தூக்கிப் போட்டு, இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தாள்.

அதற்கப்புறம் வயிறு ஒரே ஒரு தடவை இறுகியது. பிறகு விட்டுவிட்டது.

நான் தூங்கியிருக்கலாம். ஆனால் நடையில் கதவு படாரென்றது. தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம். எதிர் பெர்த்திலிருந்து, "ஒண்ணு" என்றாள் சுபிலாகா. முக்கால் மணி கழித்து மறுபடி கதவு. "ரெண்டு." என்ன பெண் இவள், தூங்கித் தொலையேன் என்றேன். "பழக்கம்க்கா" என்றாள். ஏழு சொன்ன பிறகு அவள் குரல் வரவில்லை. மூச்சு சீராக வந்தது. அடுத்த தடவை கதவு திறந்தபோது, வேறு வழியில்லாமல், எட்டு என்று நான் எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் தார் ஸ்டேஷனில் முதலில் அப்பாவை இறக்கி ருகியாவோடு வெளியே அனுப்பிவிட்டு, பிறகு நாங்கள் இறங்கினோம். தம்பி அவளை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, குழந்தை பத்திரமாக இருக்கிறது, படுத்தே வந்தது நல்லதாய்ப் போயிற்று, இனிப் பிறக்கும்வரை இங்கேயே படுத்திருக்கட்டும் என்று சொன்னார்கள். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். வாளியைப் பற்றி நான் அவனிடம் சொல்லவில்லை.

அதற்கு இரண்டாம் நாள், முழங்காலுக்கு மருந்து வாங்கலாம் என்று சொல்லி, அதே ஆஸ்பத்திரியின் வேறொரு கட்டடத்துக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் 'சிறுநீர் நோய்ப் பிரிவு' என்று எழுதியிருந்ததைப் படித்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். நான் வழியை மறித்து நின்றேன். உள்ளே டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு, "ராத்திரியில எத்தனை தடவை எழுந்து போறீங்க, ஐயா?" என்றார்.

"ஒண்ணு. குளிர்னா ரெண்டு" என்றார் அப்பா.

"பதினொண்ணு" என்றேன் நான்.

அப்பா சட்டென்று என் பக்கம் திரும்பினார். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்களே எண்ணினீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஏழு வரைக்கும் இவரோட மருமக எண்ணினா. அவ தூங்கினதுக்கு அப்புறம் நான் எண்ணினேன்."

அப்பா தலையைக் குனிந்து தன் விரல்களைப் பார்த்தார். இப்போது ஒரு காரணம் வரும், நான் கத்தப்போகிறேன், இந்த டாக்டர் பிள்ளை எங்களை வெளியே போகச் சொல்லப்போகிறது என்று நினைத்தேன்.

"பன்னெண்டு" என்றார் அப்பா. "கடைசித் தடவை கதவைச் சத்தமில்லாம தொறந்தேன். அந்தப் பிள்ளை தூங்கட்டும்னு."

டாக்டர் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார்.